வெட்டுக்கிளி ஆருக்கு

அம்பத்திநாலு வயசில ஏணி வைச்சு ஏறி, குருவிக்குஞ்சுக்கு வெட்டுக்கிளி ஊட்டின மனுசன் எருக்கலம்பிட்டியில நான் ஒருத்தன்தான். அதுவும் ஊட்டக்கூடாது எண்டு சொன்ன பிறகு.

எங்கட விறாந்தைக் கூரையில குருவிக்கெண்டு ஒரு சப்பாத்துப் பெட்டி கட்டியிருக்கிறம். குருவி குடியிருந்தா வீட்டுக்குப் பறக்கத்து எண்டு ஒரு எண்ணம். அதில மூண்டு குஞ்சு. கம்பஸ்ஸில படிக்கிற ஒரு பிள்ளை ஒவ்வொரு காலையும் வந்து, குஞ்சுகளைச் சின்னத் துணிப்பையில போட்டு நிறுப்பா. எது எதெண்டு தெரிய, குஞ்சுகளின்ர நகத்தில கியூட்டெக்ஸ் பூசி அடையாளம் வைப்பா. ஆணோ பெண்ணோ எண்டு பாக்க ஒரு சொட்டு ரத்தமும் எடுத்து அனுப்பினவ. குஞ்சு என்ன திண்டு எப்பிடி வளருது, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரியோ வளருது, இதுதான் அவவின்ர ஆராய்ச்சி.

"அங்கிள், தாயும் தகப்பனும் என்ன கொண்டுவருதுகள் எண்டு மட்டும் எழுதுங்கோ. நீங்கள் ஒண்டும் குடுக்கக்கூடாது."

"ஓம் பிள்ளை" எண்டு கதிரையைப் போட்டுக் குந்தினன்.

சோளகக் காத்து அடிச்சு வளவெல்லாம் காய்ஞ்சு கிடக்கிற காலம். பூச்சி புழு இல்லை. தாய்க்குருவி எங்கட குசினிச் சோத்துப் பருக்கையையே கொண்டுவந்துது. குஞ்சு வளரச் சோறு காணாது, புழு வேணும் எண்டு பிள்ளை சொன்னவ. மூண்டில சின்னன் மெலிஞ்சு, கழுத்து நூல் மாதிரிப் போச்சு.

எனக்கு மனம் கேக்கேல்ல. வளவெல்லாம் பாய்ஞ்சு விழுந்து ரெண்டு வெட்டுக்கிளி பிடிச்சன். "உங்களுக்கு விசர்" எண்டா மனுசி. ஏறினது சின்னனுக்காகத்தான். ஆனா பெரிசு ரெண்டும் வாயைப் பிளந்து கத்துதுகள், சின்னன் தலையை மட்டும் தூக்கிச்சு. பெரிசுகள் ஆண், சின்னன் பெண் எண்டு நானே முடிவெடுத்தன். வெட்டுக்கிளி ரெண்டும் பெரிசுகளுக்கே போச்சு. வீட்டில பெரிய மீன்துண்டு மகன்ர சோத்துக்கோப்பைக்குப் போறமாதிரி, யோசிக்காமலே. நாலு நாள் அப்பிடித்தான்.

அஞ்சாம் நாள் சின்னன் விறைச்சுக் கிடந்துது. பிள்ளை அதை உள்ளங்கையில வைச்சுப் பாத்தா. மற்ற ரெண்டையும் நிறுத்துப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. நான் ஒளிக்கேல்ல, எல்லாம் சொன்னன்.

"இந்தக் கூட்டை இனிக் கணக்கில எடுக்கேலாது அங்கிள்" எண்டு, கொப்பியில குறுக்கால கோடு போட்டா. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன்.

கொஞ்சநாள் கழிச்சுப் பிள்ளை ஃபோன் எடுத்துச் சொன்னா. ரத்த முடிவு வந்திட்டுதாம். பெரிசு ரெண்டும் பெண். செத்ததுதான் ஆண்.

பகிடி விடாட்டி எனக்கு மூச்சு முட்டும். தேத்தண்ணி கொண்டுவந்த மகளிட்டச் சொன்னன்: "பாத்தியா மகள், ஆண் எண்டு தெரிஞ்சிருந்தா முழுக்க அதுக்கே குடுத்திருப்பனே."

மகள் சிரிக்கேல்ல.

"அப்ப பெட்டை எண்டா சாகலாமா வாப்பா?"