மாத்திரையையும் சேர்த்துச் சொல்கிறேன்

எண்ணெய் வாசனைதான் முதலில் வரும். நெற்றியில் பூசுகிற ஜெப எண்ணெய். நல்ல ஒலிவ எண்ணெய், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இப்போதும் எங்காவது அந்த வாசனை பட்டால் ஒரு கூட்டத்தின் வியர்வையும், அடைத்த ஜன்னலும், என் தலைமேல் அழுந்திய கைகளும் ஒன்றாக எழுந்து வருகின்றன. கூடவே கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் சபையாராகிய உங்களுக்கு இந்தச் சாட்சியை எழுதுகிறேன், நன்றியோடும்தான். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

போன வருஷம் சித்திரை மாதம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் திட்டவில்லை. கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. திடீரென்று நெஞ்சு, நிறுத்த ஆளில்லாத கன்வேயர் பெல்ட் போல ஓடத் தொடங்கியது. மூச்சு மேலேயே நின்றது. விரல்கள் மரத்தன. சாகப்போகிறேன் என்று நினைக்கவில்லை, தெரிந்தது. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. வியர்த்து நனைந்து தரையில் கிடந்தேன்.

அதன்பிறகு அது பஸ்ஸில் வந்தது. பஜாரில் வந்தது. சபையில் பாட்டுப் பாடும்போது வந்தது. அடுத்தது எப்போது வரும் என்று பயப்படுவதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. என் கணவர் சாமுவேலுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. புறப்படும்போதெல்லாம் வாசலில் நின்று என் முகத்தையே பார்ப்பார். ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கு எங்கே போவது? ஜெபத்துக்குப் போனேன்.

சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஜெபம். நடத்துபவர் தேவசகாயம் அண்ணன், ஓய்வுபெற்ற ஃபோர்மேன். நைட் ஷிப்ட் போகிறவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் கேட்டு யாரும் சண்டைக்கு வந்துவிடக் கூடாது என்று, ஜெபம் தொடங்கும்முன் கதவையும் ஜன்னல்களையும் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். குவார்ட்டர்ஸ் ஹால் எத்தனை சின்னது என்று உங்களுக்குத் தெரியும். அதன் நடுவில் என்னை முழங்காலிட வைத்து, சுற்றி நெருக்கி நின்று, தலையிலும் முதுகிலும் கைவைத்து உரக்க ஜெபித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள்.

எனக்கு அங்கேயே வந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகின.

“பாத்தீங்களா, வெரல எப்டி மடக்கிகினு கீது? எண்ணெ பட்டதும் உள்ள இருக்கிறது துடிக்கிது. வுடாதீங்க, நல்லா ஜெபிங்க” என்றார் அண்ணன்.

இன்னும் நெருக்கினார்கள். வாராவாரம் இதுவே நடந்தது. எனக்குள் ஏதோ அசுத்தம் இருக்கிறது என்று நானும் நம்பினேன். என் பிள்ளைகளைத் தொடவே கூசினேன். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு வெள்ளி, அவர்களுடைய ஜெபம் என் காதில் விழவேயில்லை. உள்ளே நான் ஒரு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, கொஞ்சம் காற்று கொடும். கொடுத்தால் சபை நடுவே நின்று சாட்சி சொல்வேன். அதுதான் என் பொருத்தனை.

கதவு இடிபட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் முத்துலட்சுமி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், நெற்றி நிறையத் திருநீறு.

“என்னக்கா, பிள்ளை காய்ச்சலா படுத்திருக்கான், கொஞ்சம் மெதுவா…” என்று தொடங்கியவள் என்னைப் பார்த்தாள். “அட, மனுஷிக்கு மூச்சு முட்டுதுல்ல. சுத்தி நின்னு வேடிக்கை பாக்கீக?”

“நீ வெளிய இரும்மா. இது ஆவிக்குரிய விஷயம்” என்றார் அண்ணன்.

“ஆவி கெடக்கட்டும். மொதல்ல காத்து வரட்டும்.”

ஜன்னல்களைப் படபடவென்று திறந்தாள். என்னைக் கைத்தாங்கலாக வெளிப்படிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அவள் தம்பிக்கும் இதே மாதிரி வந்து, மனநல மருத்துவரிடம் காட்டிச் சரியானதாம். அடுத்த வாரமே பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கடலூருக்கு அழைத்துப்போனாள். நான் கேட்ட காற்றை ஆண்டவர் திருநீறு பூசிய ஒருத்தி கையில் கொடுத்தனுப்பினார். அவர் யாரை அனுப்ப வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இதற்குப் பேனிக் டிஸார்டர் என்று பெயர். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஆபத்து வந்தால் அதுதான் நோரெபிநெஃப்ரின் என்ற ரசாயனத்தைப் பாய்ச்சி நம்மை ஓடவைக்கும். பயத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அமிக்டலா, ஒரு பாதாம் பருப்பு அளவு. இவற்றைத் தட்டிக்கொடுத்து அடக்கச் செரோட்டோனின், காபா என்ற வேறு ரசாயனங்கள் இருக்கின்றன. அந்தச் சமநிலை பிசகினால், தீயே இல்லாத இடத்தில் தீமணி அடிக்கும். கரியமில வாயு சற்றுக் கூடினாலே சிலருடைய மூளை, மூச்சு அடைக்கிறது என்று கூவிவிடுமாம். காரணம் முழுதும் இன்னும் யாருக்கும் தெரியாது, ஓரளவு குடும்பவழியிலும் வரும் என்றார். பஸ் ஏறாமல் வெயிலில் நடந்தே போன என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

“அடைச்ச ரூம், நெருக்கம், சத்தம், போன வாரம் வந்துச்சேங்கிற பயம். எல்லாம் சேந்தா உங்க மூளைக்குப் போதும்மா. வேகவேகமா மூச்சு வாங்கினா கரியமில வாயு ரொம்பக் கொறைஞ்சிடும், அதனாலதான் வெரல் மடங்குது. பேயும் இல்ல, பாவமும் இல்ல.”

அங்கேயே அழுதேன். பிறகு கோபம் வந்தது. மூச்சு வாங்கிய வேகத்தில் மடங்கிய விரலைப் பிசாசின் நகம் என்று காட்டினார்களே. கணையம் தவறினால் நோய், சிறுநீரகம் தவறினால் நோய். மூளை தவறினால் மட்டும் விசுவாசக் குறைவா? வேதத்தில் எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது?

மாத்திரையின் ஆரம்ப நாட்களில் படபடப்பு கூடியது. அப்படி ஆகலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வாரங்கள் போகப்போகத் தணிந்தது. மூச்சை மெதுவாக விடக் கற்றேன். பயந்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகக் கற்றேன். இன்று தனியாகப் பஸ் ஏறுகிறேன். மாத்திரையை விழுங்கும்முன் கண்மூடி ஸ்தோத்திரம் சொல்கிறேன். அன்பானவர்களே, உங்கள் நெஞ்சும் இப்படி ஓடினால் ஜெபியுங்கள். அவர் கேட்கிறார், நம்புங்கள். மருத்துவரிடமும் போங்கள். அந்த வழியையும் அவர்தான் திறக்கிறார்.

பொருத்தனையைச் செலுத்த, சபையின் அறுப்பின் பண்டிகையில் மேடையேறிச் சாட்சி சொல்ல இடம் கேட்டேன். போன சனிக்கிழமை மதியம், மேடைப் பொறுப்பில் இருக்கும் தேவசகாயம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“நல்லாருக்கம்மா. ஜெபத்தால சொகமாச்சின்னு சொல்லு, போதும். அந்த டாக்டரு, மாத்திர, பக்கத்து வூட்டுப் பொண்ணு, இதெல்லாம் எதுக்கு? மொத அந்த மாத்திரய நிறுத்து. அப்பறந்தான் அது சாட்சி.”

“இப்ப நீங்க போட்டது என்னண்ணே?”

“இது சக்கரைக்கு. இது ஒடம்புக்கு.”

“மூளை மட்டும் குறிஞ்சிப்பாடியிலயா இருக்கு?”

உள்ளே சாமுவேல் இருமலில் சிரிப்பை மறைத்தார். அண்ணன் எழுந்து போய் ஸ்கூட்டரைத் திருப்பினார். வாசல் கேட் அருகே நின்று, முகம் பார்க்காமல் கேட்டார்.

“முடிவாச் சொல்லும்மா. மாத்திரயா, மேடையா?”

“மேடைய நீங்களே வச்சிக்கங்கண்ணே. வெயில் ஏறிடுச்சி, பாத்துப் போங்க.”