ஒரு சொல் சொன்னால் போயிருப்பான்

மகன் வேப்பூரிலிருந்து போன் பண்ணினான். விருத்தாசலம் பஸ் வரவில்லை என்றான். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஹைவே ஓரம் புரோட்டாக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய புத்தகங்கள். சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்து ஏழு வருசம். லீவுக்கு வந்தால் ஒரு தோள்பையோடுதான் வருவான்.

"லீவா?"

"இல்லப்பா. வந்துட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். பெட்டியை முன்னால் வைத்துக் கட்டினேன். புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஜுரத்தில் இழுப்பு வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். என் வீட்டுக்காரி மாதா முன்னால் மண்டி போட்டாள். பிள்ளை பிழைத்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றாள். பிழைத்தான். கொடுத்தோம். குருப்பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருசம்தான் இருந்தது. பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட அவள் முடிவு பண்ணி வைத்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து அவனைத் தெருவில் விடவில்லை. கேட்டவர்களிடம் லீவு என்றாள். ஒரு மாசத்துக்குள் திரும்பினால் சேர்த்துக்கொள்கிறோம் என்று குருமடத்து ஃபாதர் சொல்லியிருந்தாராம்.

"நீங்க சொன்னா போவான். நான் சொன்னா அழுவுறான்," என்றாள். "குடுத்தத திருப்பி எடுத்தா சாமி சும்மா இருக்குமா? அன்னிக்கு அது போட்ட பிச்சைங்க இவன்."

அவள் சொன்னது நிஜம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனாலேயே நான் ஒன்று சொன்னால் அவன் தட்டமாட்டான். சின்ன வயசிலிருந்து அப்படி.

ஏன் வந்தாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அங்க நடிச்சிக்கிட்டு இருந்தேன்பா," என்றான்.

மூன்று வாரம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வேலை இடத்துக்கே வந்துவிட்டான். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பியிருக்கிறான். நான் செராமிக் கம்பெனியில் கரண்டு பீஸ் மாட்டுகிற பீங்கான் கட்டை செய்கிறவன். சூளைக்குப் போகுமுன் காயும்போதே வெடித்த கட்டைகளை உடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஊறினால் திரும்பவும் களிமண். அவனும் குந்தி உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தான்.

"இன்னாதான்டா படிச்ச அங்க, ஏழு வருசம்?" நான் அஞ்சாவதோடு நின்றவன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ரோமில் ஒரு கவிஞர் இருந்தாராம், இயேசு பிறந்த காலத்தில். பெரிய பாட்டு எழுதினாராம். அதில் பெண் மரமாகிறாள், மனுசன் பறவையாகிறான், கடல் இருந்த இடம் நிலமாகிறது. எதுவும் இல்லாமல் போவதில்லை, வேறு உருவம் எடுக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னாராம்.

"சூளைய பாத்துருக்க மாட்டாரு," என்றேன். சூளையில் வெந்து உடைந்த கட்டை ஒன்றை எடுத்து அவன் முன்னால் போட்டேன். "இத கரைச்சிக் காட்டச் சொல்லு."

"இதத்தான லோடு லோடா கொண்டுபோயி பள்ளத்துல கொட்டி, மேல வூடு கட்டுறாங்க. மாறலயாப்பா?"

என்னோடு வேலை செய்கிற ஒரு அம்மா பக்கத்தில் மோல்டு துடைத்துக்கொண்டிருந்தது, சிரித்துவிட்டது. "சாமியாரானதும் பூசையில இந்த மாதிரி பேசு தம்பி. தூங்காம கேக்குறேன்."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

இன்னொரு கட்டையை உடைத்துக்கொண்டே கேட்டேன். "அப்புறம் அந்தப் பாட்டு எழுதுனவரு இன்னா ஆனாரு?"

"ராஜாவுக்கு அவர் மேல கோவம். நாட்ட வுட்டே தொரத்திட்டாரு. எங்கியோ கடலோரம், பனி கொட்டுற ஊரு. அவரு பாஷை பேசக்கூட அங்க ஆளு கெடையாது. வூட்டுக்கு வுடுங்க, வூட்டுக்கு வுடுங்கன்னு எழுதிக்கிட்டே இருந்தாரு."

"வுட்டாங்களா?"

"இல்லப்பா. அங்கியே செத்துட்டாரு."

"எல்லாம் மாறும்னு எழுதுன ஆளுதான? அந்த ஊருக்குத் தக்கன மாறிக்கிட்டு இருந்துருக்கலாமே."

"அவரால முடியலப்பா," என்றான்.

கட்டை உடைத்தோம். எனக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை தெரிந்தவர். கடல் நிலமாவதைச் சொன்னவர். அவருக்கும் கடைசியில் வேண்டியிருந்தது வீட்டுக்குப் போக ஒரு வார்த்தை. கொடுக்கிற இடத்தில் இருந்தவன் கொடுக்கவில்லை. அந்த ராஜாவும் அதிகம் பேசாத ஆளாக இருந்திருப்பான்.

மறுநாள் ஞாயிறு. வீட்டுக்காரி கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். "பூசை முடிஞ்சி வந்ததும் அவன்கிட்ட சொல்லிடுங்க. சாயந்தரம் பஸ்ஸு ஏத்தி வுட்டுடுங்க."

அவன் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"சட்டைய போடுறா," என்றேன். "பூசைக்கு நேரமாவுது."

அவள் என்னையே பார்த்தாள். மூன்று பேரும் நடந்தோம்.

கோயில் வாசலில் பாட்டுக் குழுக்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னா பிரதர், லீவுக்கு வந்து வூட்லயே மொடங்கிட்டீங்க? அம்மா கைச் சோறு வுட மாட்டேங்குதா? இன்னிக்கு வாசகம் நீங்கதான் படிக்கணும்."

"லீவு இல்லிங்க," என்றேன். "வந்துட்டான். இனிமே வூட்லதான் இருப்பான்."

வீட்டுக்காரி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பூசை முடிந்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. மாதா முன்னால் மண்டி போட்டிருந்தாள். மகன் உள்ளே போகப் பார்த்தான். "வேணாம். அது அவங்களுக்குள்ள," என்றேன். வெயிலில் நின்றோம். கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதிலைச் சொன்னேன். நாலு பேருக்குச் சொன்னபிறகு நாக்கு பழகிவிட்டது.

அப்புறம் வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் நிற்கும்போது அவனிடம் சத்தமாகச் சொன்னாள்.

"கறிக்கடையில கூட்டம் சேந்துரும். போயி அரைக்கிலோ வாங்கியா. எலும்பா போட்டான்னா வேணாம்னு சொல்லு."

"எந்தக் கடைம்மா?"

"அதே ஆளுதான். கடை இப்ப அங்க இல்ல. தண்ணி டேங்குக்கு எதுர வந்துடுச்சி."

அவன் போனான். வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் பேசினாள்.

"நாளைக்கி அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா ஒங்களத்தான் கேப்பேன்."

"கேளு," என்றேன்.