மாடியில் ஆள் உண்டு

கிராம சேவகர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் பஸீஹா தையல் மெஷினை நிறுத்தினாள். வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளி உள்ளே போட்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, சளியோடு படுத்திருந்த மகள் ஸுமைராவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். கதவு இரண்டு தரம் தட்டப்பட்டது. வெளியே அவர் யாரோடோ போனில் பேசுவது கேட்டது. பிறகு காலடிகள் இறங்கிப் போயின. வீட்டுக்காரிக்குத் தன்னால் முடிந்த ஒரு நல்ல காரியத்தைச் செய்த நிம்மதியோடு பஸீஹா மறுபடி மெஷினை மிதித்தாள்.

கல்யாணமாகி இந்தப் பத்து வருஷத்தில் கண்டியைச் சுற்றி நாலைந்து வாடகை வீடுகள் பார்த்துவிட்டாள். எல்லா இடத்திலும் சாவியோடு ஒரு சொல்லும் சேர்ந்தே கைக்கு வந்தது: வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எடுக்க ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகர், வந்தால் ஆள் இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறிவிட்டால் அது குடியிருந்ததற்கு அத்தாட்சியாகிவிடும், பிறகு வாடகைக்காரரை வீட்டைவிட்டு எழுப்புவது லேசில்லை என்பது வீட்டுக்காரர்களின் பயம். கட்டுகஸ்தோட்டையில் ஒருவர், கொடியில் காயும் துணிகளைக் கூட எடுத்து வைக்கச் சொன்னார். இல்லாதவள் போல இருப்பதற்கு அவள் நன்றாகவே பழகிப்போனாள்.

மஹய்யாவவில் இந்த மாடிவீட்டை வாடகைக்குக் கொடுத்த புஷ்பம் ஆன்ட்டி மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. ஒரே மகள் சஞ்சீவனி கொழும்பில். கீழ்வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். மஃரிப் தொழுகை வேளையானால் கீழே டிவி சத்தம் தானாகக் குறையும். ஸுமைராவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, முழங்கால் வலியையும் பார்க்காமல் ஆஸ்பத்திரி வரை கூட வந்தவர். அப்படிப்பட்டவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார், கேட்காமலே நாம்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று பஸீஹா நினைத்தாள்.

அவளுக்கு ஓட்டு வேண்டாம் என்றில்லை. புருஷன் அஸ்ஃபரின் பெயர் கம்பளையில் அவனுடைய உம்மா வீட்டு இடாப்பில் இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் அங்கே போய்ச் சின்ன விரலில் மையோடு திரும்புவான். பஸீஹாவின் பெயர் இருந்தது அக்குறணையில் வாப்பா வீட்டில். வாப்பா மௌத்தான பிறகு அந்த வீடு கைமாறியது, கூடப்பிறந்த நானாமார் ஆளுக்கொரு திசையில் போனார்கள், இடாப்பில் அவள் பெயர் வெட்டுப்பட்டது. போன தேர்தலன்று துணிக்கடையில் பெண்கள் விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டு நின்றபோது, அவள் தன் கையை முக்காட்டுத் தொங்கலுக்குள் வைத்துக்கொண்டாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கீழேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. புஷ்பத்தின் முகம் சிவந்திருந்தது.

"ஏம்புள்ள, மாடியில ஆளு இருக்காங்கன்னு நான்தான் அவர மேல அனுப்பினேன். தட்டினா ஒரு மூச்சுப் பேச்சு இல்லேங்கிறாரு. நான் என்ன பொய் சொல்றவளா?"

"ஆன்ட்டிக்குக் கரச்சல் வரும் என்டுதான்..."

"எனக்கு என்ன கரச்சல்?"

விஷயம் இதுதான். இடாப்புப் படிவத்தில் புஷ்பம் தன் பெயருக்குக் கீழே பஸீஹாவின் பெயரையும் தானாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆளைப் பார்க்காமல் அதை ஏற்க முடியாது என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். நாளைக்குக் கடைசி நாள். அதை விட்டால் இந்த வருஷ இடாப்பு மூடியாயிற்று.

பஸீஹா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் வேண்டிநின்ற ஒன்று வாசலுக்கே வந்து தட்டியிருக்கிறது. அவள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

சாயந்தரம் கொழும்பிலிருந்து சஞ்சீவனி போன் பண்ணினாள். புஷ்பத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மகள் சொன்னது மாடிவரை கேட்டது. பேரை ஏற்றினால் அவர்கள் எழும்பமாட்டார்கள், பிறகு கோர்ட்டு வழக்கு என்று அலைய வேண்டும் என்றாள். கடைசியில் தாய், "இருக்கிறவங்கள இல்லேன்னு சொல்ல எனக்கு வராதுடி," என்றார்.

மறுநாள் காலை மூவீல் ஒன்றைப் பிடித்து இருவரும் கிராம சேவகர் அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவர்கள் முறை வந்தபோது கிராம சேவகர் முடியாது என்று தலையை ஆட்டினார். தானே நேரில் போய்ப் பார்த்ததாகவும், அங்கே ஆள் இல்லை என்றும் சிங்களத்தில் சொன்னார். பிள்ளையைப் பெரிய பாடசாலையில் சேர்க்க ஆளில்லாத வீட்டில் பேர் பதிகிறவர்கள் கண்டியில் நிறைய என்றும், அப்படியொரு விஷயத்தில் தான் ஒருமுறை மாட்டிக்கொண்டதாகவும் சொன்னார். நகரசபையில் பழகிய சிங்களத்தில் புஷ்பம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர் மசியவில்லை, பின்னால் நின்றவரைக் கூப்பிடப் பார்த்தார்.

பஸீஹா அலுவலகங்களில் பேசிப் பழகியவளல்ல. ஆனாலும் தன் அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கிவிட்டாள். மஹத்தயா, நான் உள்ளேதான் இருந்தேன். செருப்பை எடுத்து ஒளித்துவைத்ததும் நான்தான். எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். நீங்கள் இரண்டு தரம் தட்டினீர்கள். அப்போது உங்களுக்கு ஒரு போன் வந்தது. உங்கள் வீட்டு நோனா கருவாடு வாங்கிவரச் சொன்னார்கள். போன தரம் வாங்கியது ஒரே மண் என்று ஏசினார்கள் போல. கடைக்காரனைத்தான் ஏச வேண்டும், என்னை அல்ல என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனீர்கள்.

வரிசையில் முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு எல்லோரும். கிராம சேவகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உதடும் கோணியது. அடுத்த முறை வரும்போது கதவு திறக்காவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தை வைத்து, முத்திரையைக் குத்தினார்.

திரும்பும்போது மூவீல் கிடைக்கவில்லை. ஏற்றத்தில் புஷ்பத்தால் வேகமாக நடக்க முடியாது. பஸீஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். புஷ்பம் பாதையைப் பார்த்தபடியே பேசினார்.

"இந்தியா வம்சம்னு சொல்லி முப்பது வயசு வரைக்கும் எனக்கு இந்த நாட்டுல ஓட்டு இல்ல புள்ள. எங்கப்பா நகரசபைக்கு எவ்வளவு காலம் உழைச்சாரு தெரியுமா? பிரஜாவுரிமை இல்லாமலே போய்ச் சேந்துட்டாரு. எனக்குக் கெடச்சப்ப ஒரு ஆளும் கதவ மூடல. அவ்வளவுதான்."

பஸீஹா அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். கீழே மாத்தளை ரயில் போனது. சத்தம் அடங்கும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு புஷ்பம் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்.

"சரி, யாருக்குப் போடப் போற?"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆன்ட்டி கேட்ட எதற்கும் பஸீஹா இல்லை என்று சொன்னதில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அது மட்டும் சொல்ல ஏலா ஆன்ட்டி."

புஷ்பம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்று சிரித்தார். "ம். நானும் ஒனக்குச் சொல்ல மாட்டேன்," என்றார்.