மெடிக்கல் நாள் மாத்திரை

நான் எழுதிய வானொலி நாடகம் எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே ஒலித்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். ரத்தக்கொதிப்பு வராமல் பார்த்துக்கொள்வதைத் தொழிலாளர்களுக்கு நாடகமாகச் சொல்ல வேண்டும் என்று உள்ளூர் வானொலியில் ஆள் தேடினார்கள். முந்திக்கொண்டு கை தூக்கினேன். திங்கட்கிழமை தோறும், காலை ஷிப்டுக்குப் போகும் நேரத்தில், பத்து நிமிடம். உத்தனப்பள்ளியில் நான் ஏறியதும் டிரைவர் அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

அறிவுரை சொன்னால் எவன் கேட்பான்? அதனால் கதாநாயகனை லேத் ஆபரேட்டர் ஆக்கினேன். மோரில் ஒரு கை உப்பு, சோற்றோடு கால் பாட்டில் ஊறுகாய், நடை என்றால் கேட்டிலிருந்து டீக்கடை வரைக்கும்தான். கம்பெனியில் வருடாந்தர மெடிக்கல் பரிசோதனை வந்தால் மட்டும் மச்சானின் பிபி மாத்திரையை இரவல் வாங்கி முழுங்கிவிட்டு, நர்ஸ் முன்னால் நல்ல பிள்ளையாகக் கை நீட்டுவான். எங்கள் பக்கம் நிஜமாகவே நடக்கிற கூத்து இது. பிபி இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அன்றைய பகுதி, அவன் இந்த வருட மாத்திரைக்காக மச்சானிடம் கெஞ்சி வாங்குவதோடு முடிந்தது. அந்தக் காட்சிக்கு பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. பாகலூரிலிருந்து வரும் கன்னடக்காரர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு என்னை நிறுத்தி, அவன் அதை முழுங்குவானா என்று கேட்டார். அடடா, ரசிகர் கிடைத்துவிட்டார் என்று குளிர்ந்துபோய், அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பிகு பண்ணினேன்.

"நாளைக்கு எனக்கு மெடிக்கல் பாப்பா. வீட்டுக்காரி மாத்திரை பாக்கெட்ல இருக்குது. போன வருசமும் அதான். அவன் என்னா ஆவறான்னு மட்டும் சொல்லிடு."

சுரீரென்றது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் ஓட்டுகிற மனுஷன்! அவர் மேல் வந்த கோபத்தைவிட, அதைச் சிரிப்பாக்கிய என் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். முழுங்குவான், பாஸ் ஆவான், பத்தே நாளில் மெஷின் பக்கத்தில் சுருண்டு விழுவான். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை பஸ்ஸில் வேறு டிரைவர். மதியம் பதறிப்போய்த் தேடினால், அண்ணன் ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மாத்திரையை நர்ஸ் மேஜைமேல் வைத்துவிட்டாராம். பிபி எகிறிக் கிடந்ததாம். மருந்து சாப்பிட்டு அது இறங்கும்வரை ஸ்டீயரிங் கிடையாது, ஆனால் வேலை இருக்கிறது. நர்ஸிடம் சொன்னதைச் சொன்னார்: "இது எம் மாத்திரை இல்ல மேடம். எனக்கு பயமா இருக்குது, நல்லா பாருங்க."

அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அன்று மாலையே வானொலி நிலையத்துக்கு ஓடி, அந்தப் பகுதியை மறுபடி எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். நடித்தவர்கள் முனகினாலும் வந்தார்கள். என் கதாநாயகன் மாத்திரையை முழுங்கவில்லை. அண்ணன் சொன்ன அதே வார்த்தைகளை, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

திங்கட்கிழமை அண்ணன் பயணியாக என் பக்கத்து சீட்டில் இருந்தார். அந்த வசனம் வந்தபோது பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"இவ்ளோ தைரியமாலாம் நான் சொல்லல பாப்பா. அழுதுகிட்டேதான் சொன்னேன்."