கத்தரிப்பூ நிறக் கறை

என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் கை வெறும் தோல் நிறத்தில் இருந்து நான் பார்த்தது குறைவு. கருநீலம், அரக்கு, கிளிப்பச்சை என்று பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் எதைக் கேட்கிறார்களோ அது முழங்கை வரை ஏறியிருக்கும். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். நடந்த தப்புக்கு இது சாக்கா, இதுதான் குற்றமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. ஓய்வு முடிந்து பட்டறைக்குப் போன இரண்டே மாதத்தில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கிற கால். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனுஷன் மாடிப்படி ஏற என் தோளைப் பிடித்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீக்கத்தைக் குறைக்கும் தாவரப் பொருட்கள் என்பது வருஷா வருஷம் நான் எடுக்கும் பாடம். மஞ்சளில் குர்குமின், இஞ்சியில் ஜிஞ்சரால். குர்குமின் உடம்பில் லேசில் சேராது, மிளகில் உள்ள பைப்பரின் கூட இருந்தால் சேரும். போர்டில் படம் போட்டே காட்டுவேன். சமையலுக்குப் போடுகிற சிட்டிகை எந்த மூலைக்கு என்று மூன்றையும் தாராளமாகப் போட்டுக் கஷாயம் வைத்தேன். காலையும் மாலையும் ஒரு டம்ளர். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். மூன்றாவது வாரம் முழங்கால் வற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம்தான் அவர் முன்கையில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை.

"ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல நீங்க" என்று சிடுசிடுத்தேன். தேங்காயெண்ணெய் தடவி, சோப்பு போட்டு, பீர்க்கங்காய் நாரால் நானே தேய்த்தேன்.

"மெதுவா தேய்மா, வலிக்குது" என்றார். கறை போகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொடையில் உள்ளங்கை அளவுக்கு இன்னொன்று.

"லுங்கியைத் தாண்டி எப்படிங்க சாயம் இறங்கும்?"

"நானும் அதான் யோசிச்சிக்கினு இருக்கேன். இந்த வாரம் கத்தரிப்பூவே போடலம்மா. எல்லாம் மாம்பழ மஞ்சள்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தேய்த்தது சாயத்தை அல்ல, தோலுக்கு அடியில் கட்டியிருந்த ரத்தத்தை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம்.

"வேற மருந்து ஏதாவது எடுத்துக்கிறாரா?" என்று என்னைக் கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. மூன்றும் அடுப்படிச் சாமான். வகுப்பில் மருந்து என்று முழங்குகிறவளுக்கு அங்கே அது மருந்தாகத் தோன்றவே இல்லை.

டாக்டர் விடவில்லை. "கஷாயம், லேகியம்னு எதாவது?"

நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"மஞ்சக் கஷாயம் குடிச்சேன் டாக்டர். நானாதான் வச்சுக் குடிச்சேன்."

ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம் என்று டாக்டர் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். இதே ரத்தம் மூளையில் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிடுவாரோ என்பதுதான் அப்போது என் பயம். வெட்கக்கேடு.

கஷாயத்தை நிறுத்தினோம். திட்டுகள் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தன. முழங்கால் மறுபடி வீங்கியது. முதலில் வற்றியது குர்குமினாலா, இஞ்சியாலா, இல்லை தானாகவே வற்றுகிற நேரம்தானா? புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்டக் குழப்பம்தான் கூடியது.

அடுத்த முறை போனபோது டாக்டர் அவரிடம், "இன்னும் கஷாயம் வைக்கிறீங்களா?" என்றார்.

"அவர் வைக்கலைங்க. நான்தான் வச்சேன். காலேஜ்ல பாட்டனி எடுக்கிறேன்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. ரத்தம் கட்டுனது அதாலதானா?"

"தெரியல டாக்டர்."

"எனக்கும் அடிச்சுச் சொல்ல முடியலம்மா. ஆனா அது வேணாம்."

என் கணவர் முழங்காலைத் தடவிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆனா அதக் குடிச்சப்ப வீக்கம் கொறஞ்சிது டாக்டர்" என்றார்.