தட்டைத்தலைப் பூனையும் இரண்டு நாள் நிபுணரும்

ஆராய்ச்சி முகாமில் சமைக்கப் போனவள் லெமாய். வெளிநாட்டுக்காரர்கள் முகாமை மூடிக்கொண்டு கிளம்பியபோது, வேண்டாமென்று விட்டுப்போன, விலங்கு நடமாடினால் தானே படமெடுக்கும் ஏழு கேமராக்களைத் தன் படகில் ஏற்றி வந்தாள். ஒரே கூரையின் கீழ் இருபத்து மூன்று குடும்பம் வாழும் எங்கள் நீள்வீடே சிரித்தது. இருபது வருடத்துக்கு முன் இங்கே பெண்ணெடுத்த நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

நான்கு வருடம் சதுப்புக்காட்டில், இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நடந்து பேட்டரி மாற்றினாள். கிடைத்தது பதினொரு படம். எல்லாம் ஒரே ஜாதி: குட்டையான கால், பலகையால் அழுத்தியதுபோல் தட்டைத் தலை, வாயில் மீன். உலகத்தில் எத்தனை மிச்சமென்று யாருக்கும் தெரியாத தட்டைத்தலைப் பூனை.

அப்புறம் காட்டை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனைத் தோட்டம் போட ஒரு கம்பெனி வந்தது. சட்டப்படி காட்டை ஆராய வேண்டுமாம். நிபுணர் ஒருவர் விசைப்படகில் வந்து இறங்கினார். முதல் நாள் மழையென்று தூங்கினார். மறுநாள் லெமாய் வதக்கிய கீரையை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"அக்கா, என்னென்ன மிருகம் இருக்குன்னு ஒரு லிஸ்ட் குடுங்க, போதும்."

"காட்டுக்குள்ள வாங்க சார், காட்டுறேன்."

"அட்டை கடிக்குமே."

"கடிக்கத்தான் செய்யும். அதுக்கு நிபுணரு, சமையக்காரின்னு வித்தியாசம் தெரியாது."

அவர் போகவில்லை. படங்களை மட்டும் வாங்கிக்கொண்டார். முந்நூறு பக்க அறிக்கை வந்தது. அதில் அந்தப் பூனைக்கு ஒரே வரி: 'வீட்டுப் பூனைகள் காணப்பட்டன.'

மாவட்ட அலுவலகத்தில் மக்கள் கருத்துக் கேட்ட அன்று லெமாய் படத்தோடு எழுந்து நின்றாள்.

"இது என்ன பூனை சார்?"

"வீட்டுப் பூனைதாம்மா."

"யாரு வீட்டுது?"

கூடமே சிரித்தது. நிபுணர் தண்ணீர் குடித்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. ஓடையோரம் மட்டும் அறுபது மீட்டர் காட்டை வெட்டாமல் விடச் சொன்னார்கள்.

"ஜெயிச்சிட்டியே லெமாய்," என்றார் நீள்வீட்டுத் தலைவர் உங்காட்.

"அறுபது மீட்டர்ல நீங்க குடும்பம் நடத்துவீங்களா, அண்ணே?"

உங்காட் வெற்றிலையை மென்றார்.

எட்டு மாதத்தில் காடு மொட்டையானது. மிஞ்சிய துண்டின் முன்னால் கம்பெனி பலகை வைத்தது: 'வனவிலங்கு வழித்தடம்.' மேலே பெரிய புலிப்படம். இந்தத் தீவில் புலியே கிடையாது. லெமாய் போய்ச் சொன்னாள். நன்றி சொல்லி, அதே புலி போட்ட பனியன் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். கேமராக் கண்ணாடி துடைக்க அது நன்றாக உதவுகிறது.

போன மாதம் அந்தத் துண்டில் ஒரு தாய்ப்பூனையும் குட்டியும் கேமராவில் பதிவாயின. லெமாய் படத்தை என்னிடம் நீட்டினாள். குட்டிக்கும் அதே தட்டைத் தலை.

கம்பெனி இப்போது அக்கரைக் காட்டையும் கேட்கிறது. ஆட்சேப மனுவில் இருபத்து மூன்று குடும்பங்களில் பதினேழு கையெழுத்துப் போட்டிருக்கின்றன. மீதி ஆறு வீட்டுக்காரர்களுக்குக் கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை லெமாய் மாவட்ட அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கப் போகிறாள். படகு ஓட்டுவது நான்.