எக்ஸ்பிரஸ் உதிர்த்த கொம்பு

தாம்பரத்தில் நான் எம்.எஸ்சி. விலங்கியல் படித்த கல்லூரிக்குள்ளேயே ஒரு புதர்க்காடு உண்டு. அதில் புள்ளிமான்கள். முதலாண்டு முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய கோடையில் நானும் என் வகுப்பு நண்பனும் மட்டும் மான்களுக்காகத் தங்கிவிட்டோம். எண்பதுகளின் கடைசி. புள்ளிமானுக்குக் காதல் காலம் கத்திரி வெயிலில்தான் உச்சத்துக்கு வரும். மனிதன் நிழல் தேடி ஓடும் நேரத்தில் ஆண் மான் கழுத்தை நீட்டிக் கனைத்துக்கொண்டு அலையும். எனக்கு அது பிடித்திருந்தது.

நண்பனுக்கு மான்மீது பெரிய ஆசை இல்லை. சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான், வங்கித் தேர்வுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே மணி பார்த்துச் சொல்வான். எனக்கு ஆசை இருந்தது, இன்னொன்றும் இருந்தது. ஜூலையில் துறைக் கருத்தரங்கு. அதில் நன்றாகப் பேசும் ஒருவரை மட்டும் முதுமலைக்கு ஒரு மாதக் களப்பணிக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு இடம். அது எனக்குத்தான் என்று மே மாதமே முடிவு செய்துவிட்டேன்.

ஆண் மான்களை வயதுவாரியாகப் பிரிக்க நாங்கள் ரயில் கணக்கு வைத்திருந்தோம். தாம்பரத்துக்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? பென்சில் மாதிரி இரண்டு குச்சி முளைத்தவை ‘குட்டி’. அம்மா பின்னாலேயே சுற்றும், பெண் மான் சிறுநீர் கழித்த இடத்தை முகர்ந்துவிட்டு, எதற்கு முகர்ந்தோம் என்று தெரியாமல் நிற்கும். கொம்பு கிளைவிட்டும் நீளாதவை ‘லோக்கல்’. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். இந்தப் பெண்ணைத் துரத்தும், அது ஓடினால் அடுத்ததைத் துரத்தும், ஒன்றும் நடக்காது, கடைசியில் தன்னைப் போன்ற இன்னொரு லோக்கலுடன் கொம்பு கோத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். நீண்ட கொம்பும் கறுத்த கழுத்துமாக வருவது ‘எக்ஸ்பிரஸ்’. அது துரத்தாது. ஒரே பெண் மானைத் தேர்ந்து நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே நிற்கும். பின்னங்காலில் எழும்பி உயரக் கிளையில் முகத்தைத் தேய்த்துத் தன் வாசனையை விட்டுவரும். லோக்கல் நெருங்கினால் தலையைத் தாழ்த்தி ஒரு பார்வை. அவ்வளவுதான், லோக்கல் திரும்பிவிடும்.

எங்கள் எக்ஸ்பிரஸ்களில் ஒன்றை எனக்கு ரொம்பத் தெரியும். அதன் இடது கொம்பில் நடுக்கிளை நுனி உடைந்திருந்தது. நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தேன். ஜூன் இரண்டாம் வாரத்தில் அதைக் காணோம். பதினைந்து நாள் கழித்து அதே மந்தையில் ஒரு புது லோக்கல். புதருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. குட்டையான கொம்பு, அதன்மேல் வெல்வெட் மாதிரி தோல். ஆனால் நடத்தை லோக்கல் மாதிரியே இல்லை. யாரையும் துரத்தாமல் பெண் மான்களுக்கு நடுவில் சாவகாசமாகத் தழை மென்றுகொண்டிருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வயதில் இளையது, குணத்தில் கிழவன்! அப்படியென்றால் பொறுமை வயதால் வருவதில்லை, சில மான்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அன்றே தலைப்பு எழுதிக் கொடுத்தேன்: ‘ஓர் இளம் ஆண் மானின் நிதானம்’. துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எங்கள் பேராசிரியர் வராந்தாவில் நிறுத்தி, “இது புதுசா இருக்கேப்பா” என்றார். முதுமலைக்கு என்ன சட்டை எடுத்துப்போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கருத்தரங்குக்கு மூன்று நாள் முன்பு, காலையில், வளாகத்தைப் பெருக்கும் அக்கா எதிரே வந்தார். இரும்புலியூரிலிருந்து வருபவர். முள் புதரில் சிக்கிய காகிதங்களை ஏதோ கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, காலேஜ் தொறந்துட்டாங்க, இன்னும் மானையே பாத்துகினு கீற? அதுக்குப் பொண்ணு பாக்கறியா?”

நான் கொக்கியைப் பார்த்தேன். மான் கொம்பு. நடுக்கிளை நுனி உடைந்திருந்தது.

“அக்கா, இது எங்க கெடச்சுது?”

“தண்ணித் தொட்டியாண்ட. போன மாசம் என் கண்ணு முன்னாடிதான் வுழுந்துச்சு. கேட்டா குடுத்துருவேன், பேஜார் பண்ணாத.”

“எந்த மான்க்கா?”

“அதான்பா, காது கிழிஞ்ச பெர்சு. மொட்டையா சுத்திகினு இருந்துச்சே, இப்பதான் திரும்ப மொளைக்குது.”

காது! நான் நோட்டைப் புரட்டினேன். இரண்டு மாதம், எழுபது பக்கம், ஒரு மானின் காதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. தலைக்கு மேலே மட்டுமே பார்த்திருந்தேன். ஓடிப்போய் மந்தையைக் கண்டுபிடித்தேன். இந்தமுறை அது திறந்தவெளியில் நின்றது. வலது காது கிழிந்திருந்தது. கோடை முழுக்கக் கத்தியும் காவல் காத்தும் விலா தெரிய இளைத்திருந்தாலும் உடம்பு எக்ஸ்பிரஸ் உடம்புதான். கொம்பு உதிர்ந்தது, அதோடு காதல் வேகமும் போயிற்று. அது நிதானமாக இல்லை, ஓய்வில் இருந்தது. ஆண் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மறுபடி வளர்க்கும், புள்ளிமான்கள் எல்லாம் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

நண்பனிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்தது.

“மச்சான், சென்ட்ரல்ல எஞ்சினைக் கழட்டிட்டா அது எக்ஸ்பிரஸ் இல்லைன்னு எழுதிட்டியேடா.”

“வெள்ளிக்கிழமை கருத்தரங்குல என்னடா பண்றது?”

“வாய மூடிட்டுப் படிச்சிடு. எவன் போய் மான் காதப் பாக்கப் போறான்? முதுமலை வேணுமா வேணாமா?”

வேணும். ரொம்ப வேணும். ஆனால் முதுமலைக்குப் போய் நூறு மான்களைப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் காதை ஆட்டி என்னைக் கேலி செய்யும் என்று தோன்றியது. மூன்று நாளும் விடியலில் போய் மந்தையில் இருந்த ஒவ்வோர் ஆணையும் காது, கழுத்து, உடம்பு என்று கட்டம் போட்டு மறுபடி எழுதினேன். அடையாளம் உறுதியாகாத பதிவுகளை அடித்துவிட்டேன். நோட்டில் பாதி போயிற்று.

வெள்ளிக்கிழமை மேடையில் அக்காவிடம் இரவல் வாங்கிய கொம்பை வைத்தேன். “தலைப்பு தப்பு சார்” என்று தொடங்கினேன். பின் வரிசையில் சிரித்தார்கள். நான் விடவில்லை. எப்படி ஏமாந்தேன், எதை அடித்தேன், எது மிஞ்சியது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

“பாதியை அடிச்சிட்ட. மிச்சத்தை மட்டும் எப்படி நம்பறது?” என்றார் பேராசிரியர்.

“நாளைக்குக் காலையில நீங்களே வந்து பாக்கலாம் சார். காது வாரியா காட்டறேன்.”

முதுமலை இடம் பள்ளிக்கரணைச் சதுப்பில் தவளைகளை எண்ணிய வகுப்புத் தோழிக்குப் போனது. நியாயம்தான். அவளுடைய தவளைகள் கொம்பு உதிர்ப்பதில்லை.

பேராசிரியர் மறுநாள் காலை நிஜமாகவே வந்தார், மான் புழுக்கையை மிதிக்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. நண்பனும் வந்தான், புத்தகத்தோடு. எக்ஸ்பிரஸ் பெண் மான்களோடு மேய்ந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு லோக்கல், உண்மையான லோக்கல், கொம்பை ஆட்டிக்கொண்டு நேராக அதை நோக்கி வந்தது. மே மாதத்தில் ஒரு பார்வைக்கே திரும்பிய அதே மான். எக்ஸ்பிரஸ் காதை மடக்கி, முளைக்கும் கொம்பு இடிபடாமல் தலையை உயர்த்தி, ஓரமாக நகர்ந்து வழிவிட்டது.

“வயசு கூடின மான் வழிவிடுதே. இதை எந்தக் கட்டத்துல எழுதுவ?” என்றார் அவர்.

அப்படி ஒரு கட்டம் என் நோட்டில் இல்லை. நண்பனின் புத்தகத்துக்குள் இருந்த ஸ்கேலை வாங்கி, புதுக் கட்டத்துக்கு அங்கேயே ஒரு கோடு போட்டேன்.